மினிசீடை சாக் ஆக்கியாச்சு, மூலக் கோப்பை அழிக்கலாமா?

கேள்வி: 2024 ஜூன் 7, நெடுங்கண்டத்திலிருந்து

அண்ணே, கல்லூரி புராஜெக்டுக்காக நில அதிர்வுக் கருவியின் பதிவுகள் ஒரு வருடத்துக்கு மேல் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் மினிசீட் என்ற கோப்பு வடிவத்தில். எங்கள் சார் வைத்திருக்கும் நிரல் சாக் என்ற இன்னொரு வடிவத்தை மட்டும்தான் படிக்கும். அதனால் ஒப்ஸ்பையில் (நில அதிர்வுப் பதிவுகளைக் கையாளும் பைத்தான் தொகுப்பு) நாலு வரி எழுதி மொத்தத்தையும் மாற்றிவிட்டேன். இரண்டையும் வரைந்து பார்த்தேன், அச்சு அசல் ஒன்றுதான். லேப்டாப்பில் இடம் இல்லை. மினிசீடை அழித்துவிடலாம்தானே?

பதில்: ஜூன் 7, இரவு, கம்பத்திலிருந்து

அழிக்காதீர்கள் தம்பி. எதையாவது அழித்தே ஆக வேண்டும் என்றால் சாக்கை அழியுங்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

நொடிக்கு 100 சாம்பிள் (அளவீடு) என்றால் ஒரு நாளைக்கு 86,40,000. சாக்கில் சாம்பிள் ஒன்றுக்கு 4 பைட், முன்னால் 632 பைட் ஹெடர் (கோப்பின் விவரங்கள் இருக்கும் தலைப்பகுதி). ஆக ஒரு சேனலின் ஒரு நாள் 3,45,60,632 பைட். நிலம் ஆடினாலும் ஆடாவிட்டாலும் இதே அளவு. என் வீட்டில் இருப்பது ராஸ்பெர்ரி ஷேக் என்ற சிறு அதிர்வுக் கருவி. அதே 100 சாம்பிள்தான், ஒரு நாள் மினிசீட் 10லிருந்து 13 எம்பிக்குள் அடங்கிவிடும்.

ஜூன் 8, காலை

எப்படி அடங்குகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்டைம் சுருக்கம். குவான்டெரா நிறுவனத்தின் ஜோசப் ஸ்டைம் வகுத்தது. ஒவ்வொரு சாம்பிளையும் முழு எண்ணாக எழுதாமல், முந்தையதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதும். கரண்ட் மீட்டரில் மொத்த ரீடிங்கை எழுதாமல் இந்த முறை ஓடிய யூனிட்டை மட்டும் குறித்து வைப்பது மாதிரி. அமைதியான நேரத்தில் வித்தியாசம் சின்ன எண், அதனால் 4 பைட் இடத்தில் பல சாம்பிள் உட்காரும். தோராயமாக்குவது எதுவும் இல்லை, விரித்தால் பழைய எண்களே வரும்.

இதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒவ்வொரு ரெக்கார்டின் (மினிசீட் கோப்புக்குள் இருக்கும் சிறு துண்டின்) தொடக்கத்திலும் முதல் சாம்பிளும் கடைசி சாம்பிளும் முழு எண்ணாக இருக்கும். வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போய்க் கடைசி எண்ணில் சரியாக முடியவில்லை என்றால் அந்த ரெக்கார்டு கெட்டுவிட்டது என்று அர்த்தம். பென் டிரைவில் ஏற்றி இறக்கும்போது பாதியில் கெட்டுப்போன கோப்பை இது காட்டிக்கொடுக்கும். சாக்கில் அப்படி ஒரு காவல் கிடையாது. நடுவில் நாலு பைட் மாறினாலும் பேசாமல் படித்துவிடும்.

அப்புறம், "அச்சு அசல் ஒன்றுதான்" என்பது பற்றி. வரைபடம் தன் உயரத்துக்கு ஏற்ப அளவைச் சுருக்கிக்கொள்ளும். ஒன்று மற்றதைப் போல ஆயிரம் மடங்கு இருந்தாலும் படம் ஒரே மாதிரிதான் தெரியும். படத்தைப் பார்க்காதீர்கள், ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். வித்தியாசம் எல்லா இடத்திலும் பூஜ்யமா? தொடக்க நேரம் ஒன்றா? சாம்பிள் எண்ணிக்கை ஒன்றா? மாற்றும்போது நாளுக்கு ஒரு சாக் வந்ததா, பல வந்ததா? அதையும் சொல்லுங்கள்.

ஜூன் 8, மாலை

தம்பியின் பதில் பார்த்தேன். கழித்தால் பூஜ்யம், ஆனால் சில நாட்களில் சாம்பிள் எண்ணிக்கை ஒத்துவரவில்லையாம். சாக்கில் அதிகம், மினிசீடில் குறைவு. நாளுக்கு ஒரு சாக்தானாம்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். மினிசீட் கோப்புக்குள் இடைவெளி இருக்கலாம். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனி நேரம் உண்டு, நடுவில் அரை மணி நேரம் இல்லை என்றால் இல்லைதான். சாக் ஒரு தொடர்ச்சியான துண்டை மட்டும் வைத்துக்கொள்ளும். இடைவெளி உள்ள நாளை அப்படியே எழுதச் சொன்னால் ஒப்ஸ்பை துண்டுக்கு ஒரு கோப்பாக எண் போட்டு எழுதும். ஒரே கோப்பாக வேண்டும் என்று மெர்ஜ் செய்தால், ஓட்டையோடு எழுத மாட்டேன் என்று பிழை காட்டும். பிழையை இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுகிற விடை, ஓட்டையைப் பூஜ்யத்தால் நிரப்பு என்பது. தம்பியும் அதையே செய்திருக்கிறார்.

பூஜ்யம் என்பது "தகவல் இல்லை" என்று நமக்குத் தோன்றும். கருவிக்கு அது ஓர் அளவு. என் கருவி சும்மா இருக்கும்போது 16,000 கவுண்ட்டை (கருவி எழுதும் எண்ணின் அலகு) ஒட்டி நிற்கும். அங்கிருந்து ஒரே சாம்பிளில் பூஜ்யத்துக்கு விழுந்து, அரை மணி கழித்து ஒரே சாம்பிளில் 16,000க்கு ஏறினால், அது படிக்கட்டு. அதை 1 முதல் 10 ஹெர்ட்ஸ் பேண்ட்பாஸில் (அந்த அதிர்வெண்களை மட்டும் விடும் ஃபில்டர்) விட்டால் படிக்கட்டின் இரு முனையிலும் ஃபில்டர் துள்ளும். தொடக்கம் கூர்மை, பிறகு தேய்ந்து அடங்கும். தானியங்கித் தேடலுக்கு அது அதிர்வாகத்தான் தெரியும்.

தம்பி, உங்களிடம் "மைக்ரோ அதிர்வுகள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை எடுத்து, கோடை மழையில் கரண்ட் போன நேரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜூன் 9

ஒப்பிட்டிருக்கிறார். பட்டியலில் பாதிக்கு மேல் இரட்டை இரட்டையாக வருகிறதாம், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. கரண்ட் போனதைக் கண்டுபிடிக்க இத்தனை விலைக் கருவி வேண்டாம், ஃபேன் போதும்.

செய்ய வேண்டியது: துண்டுகளைத் துண்டுகளாகவே வைத்து, ஒவ்வொன்றிலும் சராசரியைக் கழித்து, முனைகளை மெல்லத் தேய்த்து, ஃபில்டர் போட்டு, அதன் பிறகு சேர்க்க வேண்டும். அப்போது ஓட்டையில் பூஜ்யம் இருந்தாலும் படிக்கட்டு வராது. சார் நிரலுக்கு ஒரே கோப்புதான் வேண்டுமென்றால் இப்படிச் செய்த பிரதியைக் கொடுங்கள். ஆனால் அதிலிருந்து மூலத்தைத் திரும்பப் பெற முடியாது. எது அளந்த பூஜ்யம், எது நாம் வைத்த பூஜ்யம் என்று சாக் கோப்பைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அழிக்காதீர்கள் என்றதற்கு முதல் காரணம் இதுதான்.

ஜூன் 10

வண்டிப்பெரியாறு நண்பர் வேறு காரணம் சொல்கிறார்: சாக்குக்கு மாற்றினால் கருவியின் ரெஸ்பான்ஸ் (நில அசைவை அது எப்படி எண்ணாக்குகிறது என்ற விவரம்) போய்விடும், அதனால் மினிசீடை வைத்திருக்க வேண்டும் என்று. ரெஸ்பான்ஸ் மினிசீடிலும் கிடையாது நண்பரே. மினிசீட் என்பது சீட் வடிவத்தில் அலைப்பதிவை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒரு கவுண்ட் என்பது நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற விவரம் தனிக் கோப்பு. முன்பு டேட்டாலெஸ் சீட், இப்போது ஸ்டேஷன்எக்ஸ்எம்எல். அது இல்லாமல் மினிசீடை மட்டும் பத்திரப்படுத்தினாலும் பிற்காலத்தில் வெறும் எண்தான் மிஞ்சும். தம்பி, அந்தக் கோப்பைக் கல்லூரியில் கேட்டு வாங்கிவிட்டீர்களா?

மினிசீடில் இருந்து சாக்குக்குப் போகும்போது தொலைவது வேறு: கடிகாரம் ஜிபிஎஸ் நேரத்தோடு பூட்டியிருந்ததா என்ற கொடி, நேரத்தின் தரம் எத்தனை சதவீதம் என்ற எண் (கருவி எழுதியிருந்தால்). மழைக்காலத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்குள் தண்ணீர் போன கருவியில் இந்த எண்தான் நமக்குத் துணை.

ஜூன் 10, இரவு

பின்குறிப்பு. சாக்கில் சாம்பிள் இடைவெளி 32 பிட் மிதவை எண் (ஃப்ளோட், புள்ளி வைத்த எண்). 0.01ஐ அதில் சரியாக எழுத முடியாது, 0.00999999978 என்றுதான் நிற்கும். படிக்கும் நிரல் திருத்திக்கொள்ளவில்லை என்றால் ஒரு நாள் கோப்பின் கடைசியில் நேரம் ஏறக்குறைய 2 மில்லிசெகண்ட் நகர்ந்திருக்கும். அதிர்வின் இடம் கண்டுபிடிக்க இது ஒரு பொருட்டே இல்லை. பின்னணி இரைச்சலை வைத்து இரண்டு ஸ்டேஷனுக்கு இடையே வேகத்தில் நுண்ணிய மாற்றம் பார்க்கிறவர்கள் மட்டும் கவலைப்படட்டும். சாம்பிள் மதிப்புகளுக்குப் பயமில்லை. 24 பிட் கருவியின் கவுண்ட் எல்லாம் 32 பிட் மிதவைக்குள் ஒரு எண் பிசகாமல் உட்காரும்.

ஜூன் 12

தம்பி இன்று வேறொரு தலைவலியோடு வந்திருக்கிறார். சாரிடம் பழைய சிடி ஒன்று இருக்கிறதாம். ஏதோ ஓர் அலுவலகம் கொடுத்தது, மேலே மார்க்கரில் 2001 என்று மட்டும். 2000 டிசம்பர் 12, 2001 ஜனவரி 7 என்று கேரளத்தின் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு அதிர்வுகள் வந்தன, இரண்டுமே அளவில் 5ஐ ஒட்டியவை. அந்தச் சமயத்துப் பதிவாக இருக்கலாம் என்று சாருக்கு ஆசை. கோப்பெல்லாம் சாக். சார் நிரலில் திறந்தால் குப்பையாக வருகிறதாம், ஒப்ஸ்பையில் திறந்தால் அலை தெரிகிறதாம்.

காரணம் பைட் வரிசை, அதாவது ஓர் எண்ணின் பைட்களை எந்த முனையிலிருந்து எழுதுவது என்பது. அந்தக் காலத்தில் சன் ஒர்க்ஸ்டேஷனில் எழுதிய கோப்பில் பெரிய முனை முன்னால் வரும், இன்றைய லேப்டாப்பில் சின்ன முனை முன்னால். நான் எந்த வரிசையில் எழுதப்பட்டவன் என்று சொல்லும் இடம் சாக் ஹெடரில் கிடையாது. ஆனால் கண்டுபிடிக்க நம்பகமான வழி ஒன்று உண்டு. ஹெடரின் முதல் 280 பைட் 70 மிதவை எண்கள். அதன் பிறகு முழு எண்கள்: வருடம், வருடத்தின் நாள், மணி, நிமிடம், நொடி, மில்லிசெகண்ட், ஏழாவதாக ஹெடரின் பதிப்பு எண். அந்தக் காலத்துக் கோப்பு எதுவானாலும் அது 6 ஆகத்தான் இருக்கும். கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்களை அப்படியே காட்டும் நிரல்) திறந்து, பூஜ்யத்திலிருந்து எண்ணி 304வது பைட்டுக்குப் போங்கள்.

06 00 00 00 என்றால் சின்ன முனை.
00 00 00 06 என்றால் பெரிய முனை.

தவறான பக்கத்திலிருந்து படிக்கும் நிரலுக்கு அந்த 6, 10,06,63,296 ஆகத் தெரியும். ஒப்ஸ்பை இதைத் தானே பார்த்துத் திருப்பிக்கொள்கிறது. சார் நிரல் பார்ப்பதில்லை. ஒப்ஸ்பையில் படித்து சின்ன முனையாக எழுதிக்கொடுத்தால் வேலை முடிந்தது.

ஜூன் 13

முடியவில்லை. அலை வந்துவிட்டது, ஆனால் ஸ்டேஷன் வரைபடத்தில் இல்லை. அட்சரேகை -12345, தீர்க்கரேகை -12345.

அது இடம் இல்லை தம்பி, சாக்கில் "நிரப்பவில்லை" என்பதற்கான அடையாளம். தென்துருவத்தைத் தாண்டி எந்த அலுவலகமும் கருவி வைக்கவில்லை. எங்கிருந்தோ மாற்றிய ஆள், அலையை மட்டும் மாற்றிவிட்டு இடம், உயரம், கருவியின் வகை எதையும் நிரப்பாமல் சிடியில் எரித்துக் கொடுத்துவிட்டார். கோப்பின் பெயர் ஏ1, ஏ2, ஏ3. இருபது வருடத்துக்கு முன் யாரோ சோம்பல்பட்ட ஐந்து நிமிடம். இன்றைக்கு அந்த அலைகளை வைத்து எதையும் அளக்க முடியாது, படம் வரைந்து சுவரில் மாட்டலாம். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. சிடியோடு தாள் ஏதாவது வந்ததா என்று சாரிடம் கேளுங்கள், ஒரு துண்டுச் சீட்டு இருந்தாலும் போதும்.

ஜூன் 15, சனி

காலை 8.15க்கு திருச்சூர், பாலக்காடு பக்கம் அதிர்வு, 3.0 என்று செய்தி. தொலைபேசியில் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள், உன் கருவியில் தெரிந்ததா என்று. கம்பத்திலிருந்து நேர்க்கோட்டில் 150 கிலோமீட்டருக்கு மேல். அந்நேரம் தெருவில் லாரியும் ஜீப்பும். என் மாடிப்படிக்கடியில் இருக்கும் கருவியில் எதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. முல்லைப்பெரியாறு பற்றி மட்டும் இங்கே ஆரம்பிக்காதீர்கள். 2011 நவம்பரில் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் சில வீடுகளில் முடியவில்லை.

ஜூன் 17

நேற்று விடிகாலை 3.55க்கு அதே பக்கம் மீண்டும் ஒன்று. தம்பி தன் கல்லூரிக் கருவியில் தேடிவிட்டு, 16ஆம் தேதிக் கோப்பில் ஒன்றுமே இல்லை, கருவி தூங்கிவிட்டது என்கிறார்.

கருவி தூங்கவில்லை. கோப்பின் பெயரில் கடைசி எண் வருடத்தின் நாள், உலக நேரப்படி. இந்த வருடம் லீப் வருடம், ஜூன் 15 என்பது 167. சனிக்கிழமை காலை 8.15 உலக நேரத்தில் 02.45, நாள் 167. ஞாயிறு விடிகாலை 3.55ல் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் சனிக்கிழமை 22.25. அதுவும் நாள் 167. நமக்கு இரண்டு தேதியில் வந்த இரண்டு அதிர்வும் ஒரே கோப்பில். நீங்கள் 168ல் தேடினீர்கள்.

இந்தியாவில் கோப்பின் நாள் மாறுவது காலை 5.30க்கு. எங்கள் ஊர்ப் பதிவில் இதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுப் பக்கம் ஏறும் ஜீப்புகள் விடிவதற்கு முன்பே கிளம்பும். அந்த இரைச்சல் ஒரு கோப்பின் வாலில் தொடங்கி அடுத்த கோப்பின் தலையில் உச்சத்துக்குப் போகும். நாளுக்கொரு படமாகப் பார்க்கிற ஆளுக்கு, காலையில் ஏன் திடீரென்று சத்தமாகவே விடிகிறது என்று புரியாது.

இதனால் எரிச்சலாகி, மாற்றும்போதே ஐந்தரை மணியைக் கூட்டி எழுதிவிடலாமே என்று ஒரு யோசனை வரும். இங்கே கீழே ஒருவருக்கு வந்தே விட்டது. தயவுசெய்து வேண்டாம். சாக்கில் நேர மண்டலம் எழுத இடம் இல்லை. படிக்கிற எல்லாரும் அது உலக நேரம் என்றே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் கூட்டியது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், ஆறு மாதத்தில் உங்களுக்கும் மறந்துவிடும். இந்திய நேரம் வேண்டுமென்றால் படத்தின் அச்சில் போடுங்கள், கோப்பில் வேண்டாம்.

ஜூன் 20

வண்டிப்பெரியாறு நண்பர் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். இரண்டும் நல்ல கேள்வி.

ஒன்று: ரெஸ்பான்ஸை நீக்கி, நொடிக்கு மீட்டராக மாற்றிய அலையைத் திரும்ப மினிசீடாக எழுதினால் நாள் முழுக்கப் பூஜ்யமாக வருகிறது. காரணம், ஸ்டைம் முழு எண்களுக்கு மட்டும். மிதவை எண்ணைக் கொடுத்து ஸ்டைம் கேட்டால் பிழை வரும். பிழையைப் போக்க ஆள் என்ன செய்வார்? முழு எண்ணாக வெட்டிவிடுவார். நிலத்தின் வேகம் 0.000002 மாதிரி இருக்கும், வெட்டினால் 0. மினிசீடில் மிதவை எண் எழுதவும் வழி இருக்கிறது, சுருக்கம் இருக்காது, அவ்வளவுதான். ஆனால் எதற்கு எழுத வேண்டும்? திருத்திய அலையை நான் சேமிப்பதே இல்லை. கவுண்ட் ஒரு பக்கம், ஸ்டேஷன்எக்ஸ்எம்எல் ஒரு பக்கம், தேவைப்படும்போது கணக்கிட்டுக்கொள்கிறேன். எந்த ஃபில்டர் எல்லையில் திருத்தினோம் என்பதை எந்த வடிவமும் நமக்காக நினைவு வைத்திருக்காது.

இரண்டு: அதே கருவிக்கு சாக் போல்-சீரோ கோப்பில் (ரெஸ்பான்ஸைச் சொல்லும் இன்னொரு வகைக் கோப்பு) ஒரு சீரோ கூடுதலாக இருக்கிறது, யார் தவறு? யார் தவறும் இல்லை. வழக்கமாக ரெஸ்பான்ஸ் கோப்பு வேகத்துக்கு, சாக் போல்-சீரோ இடப்பெயர்ச்சிக்கு. அந்தக் கூடுதல் சீரோதான் வித்தியாசம். அதைத் தெரியாமல் இடப்பெயர்ச்சியை வேகம் என்று எடுத்தால் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு கதை, உயர்ந்த அதிர்வெண்ணில் ஒரு கதை. சாக் நிரலிலேயே ஒரு வழியில் திருத்தினால் மீட்டர், இன்னொரு வழியில் நானோமீட்டர். நூறு கோடி மடங்கு வித்தியாசம் என்பதால் இது உடனே கண்ணில் பட்டுவிடும். பயமுறுத்துவது கண்ணில் படாத சின்ன மடங்குகள்தான்.

ஜூன் 23

குப்பத்திலிருந்து ஓர் அக்கா வந்து, மினிசீட், சாக் என்றே பேசுகிறீர்கள், ஜிஎஸ்இ2 என்று ஒன்று இருக்கிறதே, திறந்தால் எழுத்தெழுத்தாக வருகிறது, அது என்ன என்கிறார். பழைய மடல் ஒன்றோடு இணைப்பாக வந்ததாம்.

அக்கா, அது எனக்கு மிகவும் பிடித்த வடிவம். ஜெனிவாவில் ஆயுதக் குறைப்பு மாநாட்டின் கீழ் 1976ல் விஞ்ஞானிகள் குழு ஒன்று அமைத்தார்கள். நிலத்தடி அணுச் சோதனையை அதிர்வை வைத்துக் கண்டுபிடிக்க நாடுகள் எப்படிப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்வது என்பது அவர்கள் வேலை. அந்தக் குழுவின் பெயர்ச் சுருக்கம்தான் ஜிஎஸ்இ. எந்த நாட்டு எந்த வயர் வழியாகப் போனாலும் கெடக் கூடாது என்பதால் அலையை அச்சிடக்கூடிய எழுத்தாகவே மாற்றினார்கள். கூட்டல், கழித்தல், பத்து இலக்கம், ஆங்கிலத்தின் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26. மொத்தம் 64, அதாவது ஓர் எழுத்துக்கு 6 பிட். அதிலும் வித்தியாசத்தின் வித்தியாசத்தை எழுதுகிறார்கள், அதனால் ஸ்டைம் அளவுக்கு இல்லாவிட்டாலும் நன்றாகவே சுருங்கும். கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். ஒப்ஸ்பை நேராகப் படிக்கும், மினிசீடாக எழுதிக்கொள்ளலாம்.

உங்கள் ஊருக்கு வடமேற்கே, இந்துப்பூரை ஒட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் கௌரிபிதனூர் இருக்கிறதே, அங்கே 1960களின் நடுவில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் பிரிட்டனும் சேர்ந்து வைத்த அதிர்வுமானி வரிசை இதே வேலைக்குத்தான். இரண்டு கைகளாக, ஆங்கில எல் வடிவில், 20 கருவிகள். அலை எந்தக் கருவியை முதலில் தொட்டது என்பதை வைத்து வந்த திசையைச் சொல்லும். கர்நாடகாக்காரர்களுக்கே பலருக்குத் தெரியாது.

ஒன்று கவனியுங்கள். மடல் நிரல் சில நேரம் நீளமான வரியை உடைக்கும், வரியின் தொடக்கத்தில் குறி சேர்க்கும். சரிபார்ப்பு எண் ஒத்துவரவில்லை என்று சொன்னால், சரிபார்ப்பை அணைத்துவிட்டுப் படிக்காதீர்கள். அணைக்க வசதி இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

ஜூன் 24

அக்காவின் இணைப்பில் வரி உடைந்துதான் இருந்ததாம். சேர்த்தவுடன் எண் ஒத்துவந்துவிட்டது. சந்தோஷம்.

ஜூன் 29

தம்பி இடப் பிரச்சினைக்குத் தானே ஒரு தீர்வு கண்டுபிடித்துவிட்டார்: நாலு சாம்பிளுக்கு ஒன்றை மட்டும் எடுத்து, நொடிக்கு 25 சாம்பிளாக எழுதிவிட்டாராம். கோப்பு கால்வாசி. "நமக்கு 10 ஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கு அண்ணே?"

10 ஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டாம் என்பது சரி. ஆனால் மேலே இருப்பது சும்மா போகாது, கீழே மடிந்து வந்து உட்காரும். எங்கள் பின்தெருவில் ஒரு கிணற்று மோட்டார் ஓடுகிறது. நிமிடத்துக்கு 2,900 சுற்றை ஒட்டி, அதாவது 48 ஹெர்ட்ஸ் சுமார். 100 சாம்பிள் பதிவில் அது மேல் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு, யாருக்கும் தொந்தரவில்லை. முதலில் தாழ்வு அதிர்வெண் ஃபில்டர் போடாமல் நாலில் ஒன்றை மட்டும் எடுத்தால், 48 என்பது 50லிருந்து 2 தள்ளி இருப்பதால், 2 ஹெர்ட்ஸாக வந்து நிற்கும். நாம் தேடும் அதிர்வுகளின் நடு வீட்டில். மோட்டாரின் சுமை மாற மாற அந்த 2 கொஞ்சம் அலையும், அதைப் பார்த்து மலைக்கடியில் ஏதோ நடக்கிறது என்று ஒருவர் கட்டுரை எழுதலாம்.

ஒப்ஸ்பையில் டெசிமேட் என்று இருப்பது தானே ஃபில்டர் போட்டுவிட்டுத்தான் குறைக்கும். நீங்கள் பைத்தானில் நாலுக்கு ஒன்றாகத் தாவி எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பிரதியை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்குங்கள் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். மாணவரிடம் செலவு சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது சொல்கிறேன், வாங்குங்கள்.

ஜூலை 6

கொஞ்சம் வேறு பக்கம். போடியிலிருந்து ஒருவர், பாலம் கட்டும் இடத்தில் சுத்தியலடித்து எடுத்த பதிவுகள் செக்-2 வடிவத்தில் இருக்கின்றன, கேட்கிறவர் செக்-ஒய் வேண்டும் என்கிறார், மாற்றினால் மண்ணில் அலை ஓடும் வேகம் கொஞ்சம் மாறி வருகிறது என்கிறார். நான் மலைப்பாதைச் சரிவுகளில் அந்த வேலை பார்த்தவன், அதனால் இது எனக்குத் தெரிந்த வலி.

சாம்பிள் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். 62.5 மைக்ரோசெகண்டா? செக்-2 ஹெடர் எழுத்தாக இருக்கும், 0.0000625 என்று அழகாக எழுதிக்கொள்ளும். 1975ல் வந்த செக்-ஒய்யில் இடைவெளி மைக்ரோசெகண்டில், முழு எண்ணாக, 2 பைட்டில். 62.5க்கு இடமில்லை, 62 என்று வெட்டுவார்கள். நேரம் எல்லாம் 0.8 சதவீதம் சுருங்கும், வேகம் அதே அளவு கூடும். மாற்றுவதற்கு முன் 125க்கோ 250க்கோ ஒழுங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள் (மேலே மோட்டார் கதையைப் படித்துவிட்டு). சுத்தியல் அடிக்கு முந்தைய தாமதமும் அங்கே முழு மில்லிசெகண்டில்தான் நிற்கும், அதையும் பாருங்கள்.

செக்-ஒய்யின் முதல் 3,200 பைட், 80 எழுத்து வீதம் 40 வரி, மனிதர் படிக்க விட்ட இடம். யாரும் நிரப்புவதில்லை. நிரப்புங்கள். எந்த ஊர், எந்தப் பக்கத்திலிருந்து அடித்தோம், ஜியோஃபோன் (தரையில் ஊன்றும் அதிர்வு உணரி) இடைவெளி எவ்வளவு, எதிலிருந்து எதற்கு எந்த நிரலால் மாற்றினோம். நாற்பது வரி தாராளம்.

ஜூலை 14

சிடிக்காரத் தம்பி மீண்டும். சாரின் பீரோவில் சிடி உறைக்குள் மடித்த தாள் கிடைத்துவிட்டது! ஏ1, ஏ2, ஏ3 மூன்றும் ஒரே கருவியின் மூன்று கூறுகள் (செங்குத்து, வடக்கு, கிழக்கு), ஸ்டேஷனின் இடமும் இருக்கிறது. சாக் ஹெடரில் நிரப்பிக்கொண்டிருக்கிறார். எது செங்குத்து என்பதில் குழப்பம். தாளில் -90 என்றிருப்பதை அப்படியே சாக்கில் போட்டதும் நிரல் ஏற்கவில்லை.

தாளில் இருப்பது சீட் வடிவத்தின் வழக்கப்படி எழுதியது. அங்கே கிடைமட்டம் 0, மேல் நோக்கி -90. சாக்கில் கோணம் செங்குத்திலிருந்து அளப்பது: மேல் நோக்கி 0, கிடைமட்டம் 90. சீட் எண்ணோடு 90ஐக் கூட்டுங்கள், சாக் எண் வந்துவிடும். அதிர்வின் ஆழம் நிரப்பும்போதும் பாருங்கள், சாக்கின் பழைய கையேட்டில் அது மீட்டர், பிறகு கிலோமீட்டர் ஆனது. சார் நிரல் எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்து.

கூறுகளின் திசை சரியா என்று தெரிய தூரத்துப் பெரிய அதிர்வு ஒன்று வேண்டும். சிடி 2001 ஜனவரி 26ஐத் தொடுகிறது என்றால் புஜ் அதிர்வு அதில் இருக்கும். இந்திய நேரம் காலை 8.46, உலக நேரம் 03.16, நாள் 026. இடுக்கிக்குக் குஜராத் எந்தத் திசை என்று நமக்குத் தெரியும், முதலில் வந்து சேரும் பி அலை மூன்று கூறிலும் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்தால் வடக்கு, கிழக்கு மாறியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். தம்பி, ஏ1, ஏ2, ஏ3 மூன்றிலும் 03.16க்குப் பிறகு ஐந்து நிமிடத்தை வெட்டி இங்கே போடுங்கள், பார்க்கலாம். மினிசீடாகவே போடுங்கள்.